நீ இங்க வரவே இல்ல

கரிராமர் துணை

கரியாலூர்
20-1-85

அன்புள்ள தம்பி காசிநாதனுக்கு அக்கா ஜெயம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்க மாமாவும் சுகம். நைனார்பாளையத்தில் அம்மாவும் சுகம், பனிக்கு முட்டி வலிதான் ஜாஸ்தி. மெட்ராஸ் தண்ணி உனக்கு ஒத்துக்கினுதா, இருமல் நின்னுதா, எழுது.

பொங்கலுக்கு நீ வருவேன்னு கரும்பு எடுத்து வச்சிருந்தேன். வரல. பரவாயில்ல, படிப்புதான் முக்கியம். கொளஞ்சியப்பன் முதலாளி போன வாரம் மலைக்கு வந்தார். உன்னை மறக்காம கேட்டார். சின்னசேலம் பக்கம் அவங்க ஆரம்பிக்கிற காலேஜ் ஜூலையில் திறக்குமாம். இங்கிலீஷ் வாத்தியார் வேலை உனக்குத்தான்னு உங்க மாமா தோள்மேல கை போட்டுச் சொன்னார். கடுக்காய் ஸ்டோருக்கு வாட்ச்மேனா இருக்கிற மனுஷன் தோள்மேல முதலாளி கை போடறது இதான் முதல் தடவை.

இங்க ஒரு சாவு. கரியன்னு ஒருத்தர், நம்ம ஸ்டோருக்குக் கடுக்காய் கொண்டாந்து போடுவாரே, அவர் பத்தாம் தேதி மரத்திலிருந்து விழுந்து செத்துட்டார். உங்க மாமாதான் பார்த்ததா போலீசில் ஸ்டேட்மெண்ட் குடுத்தார். அவர் சம்சாரம் சாமியம்மாளுக்கு மூணு பிள்ளைங்க.

நான் இப்பல்லாம் ஸ்டோருக்குச் சோறு எடுத்துக்கினு போறதில்ல. மாமாவே வூட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போறார். நீ இன்னா படிக்கிறே, எனக்குப் புரியற மாதிரி எழுது.

இப்படிக்கு உன் அக்கா
ஜெயம்மாள்

*

சென்னை
2-2-85

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்து மகிழ்ந்தேன். என் இருமல் நின்றுவிட்டது. அம்மாவின் முட்டிக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன்.

என்ன படிக்கிறேன் என்று கேட்டாய். அமெரிக்க நாவல்கள் சிலவற்றில் ஒரு கண் வருகிறது. மனிதனின் கண் இல்லை, சுவரிலோ பலகையிலோ எழுதிய கண். ஒரு கதை சொல்கிறேன். மழை பொய்த்துப்போன ஒரு ஊர். அங்கே தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏதோ கம்பெனிக்காரன் விளம்பரத்துக்கு ஒரு பெரிய கண் வரைந்துவிட்டுப் போகிறான். கம்பெனி மூடிவிடுகிறது. மாதாகோயிலைத் தானியக் கிடங்கு ஆக்கிவிடுகிறார்கள். கண் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழேயே குடிக்கிறார்கள், ஏமாற்றுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு விதவைக் கிழவி மட்டும் அதைக் கடவுளின் கண் என்று நினைத்து, தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறாள். கடவுள் போய்விட்டார், பலகைதான் மிச்சம். இதுதான் என் ஆராய்ச்சி. "யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு மனிதன் எப்படி நடந்துகொள்வான்? அதை எழுது, காசி" என்கிறார் என் பேராசிரியர்.

கரியன் என்றால், நான் வந்தபோது மூங்கில் குழாயில் தேன் கொண்டுவந்து கொடுத்தாரே, அவரா? சிறு வயதிலிருந்து மரம் ஏறுகிறவர் ஆயிற்றே. எப்படி விழுந்தார்?

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தம்பி
காசி

*

கரியாலூர்
19-2-85

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. எல்லாரும் சுகம். தைலம் வந்தது, அம்மாவுக்குக் குடுத்தனுப்பிட்டேன்.

உன் கண்ணு கதையை ரெண்டு தரம் படிச்சேன். அந்தக் கிழவியை நினைச்சுக்கினே இருக்கேன்.

இங்க ஒண்ணு நடந்துச்சு. சாமியம்மாள் ஊர்க்காரங்களைக் கூட்டி, "எம் புருசன் மரத்துலேர்ந்து விழல. விழுந்தாருன்னு சொல்றவங்க கோயில்ல வந்து சொல்லட்டும்"னு கேட்டுட்டா. போன வெள்ளிக்கிழமை உங்க மாமா குளிச்சிட்டு ஈரத்துணியோட போனார். நானும் போனேன். கரிராமர் சன்னதியில் கற்பூரம் ஏத்தினாங்க. சாமியம்மாள் பிள்ளைங்களைப் பக்கத்தில் நிறுத்திக்கினு உங்க மாமா முகத்தையே பார்த்தா. உங்க மாமா, "மரத்துலேர்ந்துதான் வுழுந்தாரு, சாமி சத்தியமா"ன்னு சொல்லி, கையால கற்பூரத்தை அடிச்சு அணைச்சார்.

அவ்வளவுதான். சாமியம்மாள் பிள்ளைங்களைக் கூட்டிக்கினு போயிட்டா.

அன்னிக்கு ராத்திரி அவருக்கு வயித்து வலி வரும், காய்ச்சல் வரும்னு பார்த்தேன். வரல. ரெண்டு வாட்டி சோறு போட்டுக்கினு சாப்பிட்டார். இன்னிக்கு வரைக்கும் நல்லாத்தான் இருக்கார்.

அந்தத் தொட்டிமேல இருந்த கண்ணு, கதை முடியற வரைக்கும் யாரையாச்சும் ஏதாச்சும் செஞ்சுதா? அதை மட்டும் எழுது.

உன் அக்கா
ஜெயம்மாள்

*

சென்னை
1-3-85

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தை வாங்கியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கோயிலில் நடந்ததை என் பேராசிரியரிடம் சொன்னேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "காசி, இதை உன் முன்னுரையில் வைத்துக்கொள். நம் ஊரிலும் பலகைதான் மிச்சம் என்று காட்டு" என்றார். எழுதத் தொடங்கிவிட்டேன். நன்றாக வருகிறது.

உன் கேள்விக்குப் பதில்: இல்லை. அந்தக் கண் யாரையும் எதுவும் செய்யவில்லை. பெயிண்ட் எப்படித் தண்டிக்கும்? கிழவியின் குனிவு வெறும் அறியாமை என்றுதான் இரண்டாவது அத்தியாயத்தில் வாதிடுகிறேன்.

ஆனால் ஒன்று. மாமாவுக்கு வயிற்றுவலி வரும் என்று நீ எதிர்பார்த்தாய். ஏன் எதிர்பார்த்தாய்? அவர் சொன்னது பொய்யா? கரியன் எப்படிச் செத்தார்? மறைக்காமல் எழுது.

உன் தம்பி
காசி

*

கரியாலூர்
15-3-85

தம்பி காசிநாதனுக்கு, இங்கு யாவரும் நலம்.

உன் கடிதம் கிடைத்தது. அதில் கேட்டிருப்பதற்குப் பதில் எதுவும் இல்லை. உங்க மாமா சத்தியவான். கரியன் மரத்திலிருந்து விழுந்து இறந்தார். இனிமேல் இந்த மாதிரி எழுத வேண்டாம். நல்லபடியாகப் படிக்கவும். முதலாளி உன்மேல் ரொம்பப் பிரியமாக இருக்கிறார்.

ஜெயம்மாள்

*

கரியாலூர்
2-4-85

என் ராஜா காசிக்கு,

இதைப் பள்ளிக்கூடத்து லட்சுமியம்மாள் டீச்சர்கிட்ட குடுத்து, கள்ளக்குறிச்சி போறப்ப தபாலில் போடச் சொல்றேன். நீயும் இனிமே டீச்சர் பேருக்கே எழுது. ஸ்டோர் விலாசத்துக்கு எழுதவே எழுதாதே.

நமக்கு வர்ற தபாலை மாயவன்தான் வாங்கிப் பிரிக்கிறான். முதலாளி சம்சாரத்தோட தம்பி, ஸ்டோரில் எடை போடறவன். நீ மார்ச்சில் எழுதினதை அவன் உங்க மாமாவை நிக்க வச்சு உரக்கப் படிச்சான். "உம் மச்சான் மெட்ராஸ்லேர்ந்து கேள்வி கேக்கறான்யா. பதில் சொல்லு"ன்னு சிரிச்சான். அப்புறம் அவனே சொல்லச் சொல்லத்தான் அந்த லெட்டரை நான் எழுதினேன். எழுதி முடிக்கிற வரைக்கும் பின்னாடியே நின்னான்.

இப்ப எழுதறது நானே எழுதறது. கற்பூரம் அடிச்ச நாள்லேர்ந்து மேலே சாமி பேரு போடறதில்ல. கை வரல.

ஜனவரி பத்தாம் தேதி மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கினு ஸ்டோர் பின்வாசலால போனேன். முன்பக்கம் சத்தம். மூட்டைக்குப் பின்னாடி நின்னுட்டேன். கரியன் எடைக்கல்லைக் கையில எடுத்துக்கினு, "இந்தக் கல்லைக் கள்ளக்குறிச்சிக்கு எடுத்துக்கினு போறேன். அங்க நிறுத்தா தெரிஞ்சிடும் இன்னா எடைன்னு"ன்னார். மாயவன் அதைப் பிடுங்கி அவர் பின்தலையில் அடிச்சான். ஒரே அடி. உங்க மாமா மூணடி தூரத்தில் நின்னார்.

மாயவன் ஜீப் எடுக்க ஓடினான். கரியன் மூட்டையில சாஞ்சு உட்கார்ந்தார். ரத்தம் ஜாஸ்தி இல்ல. தண்ணி கேட்டார். நான் வெளியே வந்து குடுத்தேன். ஒரு முழுங்கு குடிச்சார். "பாத்த இல்ல, தாயி?"ன்னார். நான் பதில் சொல்லல காசி. ஆமான்னு ஒரு வார்த்தை. சொல்லல.

உங்க மாமா என் கையைப் பிடிச்சுப் பின்வாசலுக்குத் தள்ளிக்கினு வந்தார். "நீ இங்க வரவே இல்ல. கேட்டுதா? நீ இங்க வரவே இல்ல"ன்னார். சரின்னு தலையாட்டினேன். அப்புறம் கரியனை ஜீப்பில் கொண்டுபோய் ஒரு மரத்தடியில் போட்டுட்டு வந்தாங்க. பொழுது சாயறதுக்குள்ள உயிர் போயிடுச்சு.

உன் வேலைக்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கினு இருந்தேன். இப்ப சாமியம்மாள் கலெக்டருக்கு மனு குடுத்துட்டா. கள்ளக்குறிச்சியில் ஆர்.டி.ஓ. விசாரிக்கப் போறாராம். நான் இன்னா செய்யட்டும்? நீ படிச்சவன். இதைப் பத்தியே படிக்கிறவன். சொல்லு.

உன் அக்கா

*

சென்னை
23-4-85

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஏழாம் தேதியே வந்துவிட்டது. நான்கு முறை எழுதிக் கிழித்து இதை எழுதுகிறேன். நான் சொல்வதை நிதானமாகக் கேள்.

நீ பட்டது பெரிய துன்பம். மறுக்கவில்லை. ஆனால் நீ சொல்வதால் கரியன் திரும்பி வரமாட்டார். மாமா பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு உள்ளே போவார். குடியிருக்கும் வீடு ஸ்டோர் வீடு, அதுவும் போகும். நம் அப்பா கடைசிவரை அடுத்தவன் நிலத்தில் குனிந்தே செத்தார். நம் வம்சத்தில் முதல்முறையாக ஒருவன் நாற்காலியில் உட்காரப் போகிறான். ஜூன் பதினேழாம் தேதி இண்டர்வியூ. கடிதம் வந்துவிட்டது, முதலாளி கையெழுத்துடன்.

அங்கே நீ இருந்தது மாமாவைத் தவிர யாருக்கும் தெரியாது. யாரும் உன்னைக் கூப்பிடப் போவதில்லை. கூப்பிடாதபோது போகாமல் இருப்பது பொய் சொல்வது ஆகாது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும்.

அம்மாவை நினைத்துக்கொள். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

காசி

*

கரியாலூர்
30-4-85

தம்பி காசிக்கு, சுகம்தானே.

உன் கடிதம் டீச்சர் குடுத்தாங்க. கிழிக்கச் சொன்னே, கிழிச்சு அடுப்பில் போட்டுட்டேன். கையெழுத்து எப்பவும்போல முத்து முத்தா இருந்துச்சு.

யாரும் பார்க்கலைன்னு தெரிஞ்சா மனுசன் எப்படி நடந்துக்குவான்னு உன் வாத்தியார் எழுதச் சொன்னாரே. இன்னா எழுதியிருக்கே?

வெயில் ஜாஸ்தி. மோர் குடி.

ஜெயம்மாள்

*

சென்னை
26-5-85

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகு இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? டீச்சருக்குத் தனியாக எழுதினேன், அவர்களும் பதில் போடவில்லை. ஜூன் பன்னிரண்டாம் தேதி விசாரணை என்று மாமா எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறார். "உன் அக்கா பேசுவதில்லை. நீ வந்து சொல்லு" என்று ஒரே வரி.

அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

காசி

*

கரியாலூர்
18-6-85

தம்பி காசிநாதனுக்கு அக்கா எழுதிக்கொண்டது. நான் சுகம். லட்சுமியம்மாள் டீச்சர் வூட்டில் இருக்கேன். ஸ்டோர் வூட்டிலிருந்து என் சாமானை வெளியே போட்டுட்டாங்க.

பன்னிரண்டாம் தேதி காலையில் முதல் பஸ்ஸில் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். டீச்சர் கூட வந்தாங்க. அதே பஸ்ஸில் முன்சீட்டில் சாமியம்மாள். அவளுக்கு நான் எதுக்கு வரேன்னு தெரியாது. திரும்பிக்கூடப் பார்க்கல. கற்பூரம் அடிச்சவன் பொண்டாட்டின்னுதானே நினைச்சிருப்பா.

ஆர்.டி.ஓ. ஆபீசில் உங்க மாமாவைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. அதே பேச்சு, மரம், கிளை, விழுந்தது. சாமியம்மாள் அழுதுக்கினே மனுவைப் படிச்சா. "வேற சாட்சி உண்டா?"ன்னு அய்யா கேட்டார். அவ இல்லைன்னு தலையாட்டினா.

நான் வாசப்படியிலிருந்து, "நான் பார்த்தேங்க"ன்னேன்.

என் குரல் எனக்கே கேட்கல. இன்னொரு வாட்டி சொன்னேன். உள்ளே கூப்பிட்டு, "யாரும்மா நீ?"ன்னார். "வாட்ச்மேன் சம்சாரங்க"ன்னேன்.

உங்க மாமா எழுந்து, "அய்யா, அவளுக்குப் புத்தி சரியில்லீங்க. தை மாசத்திலேர்ந்தே இப்படித்தாங்க"ன்னார். பன்னிரண்டு வருசம் குடித்தனம் நடத்தின மனுசன்.

"நீ உட்காருய்யா. சொல்லும்மா"ன்னார் அய்யா. சொன்னேன். கல்லு, அடி, தண்ணி, ஜீப்பு எல்லாம் சொன்னேன். கரியன் கேட்டதையும் நான் பதில் சொல்லாததையும் சொன்னேன். "இத்தனை மாசம் ஏன்மா சொல்லல?"ன்னு அய்யா கேட்டார். "என் தம்பிக்கு வேலை கிடைக்கணும்னுங்க"ன்னேன். அதையும் எழுதிக்கினார். படிச்சுக் காட்டினாங்க, கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தா மாயவன் ஆளுங்க ஏழெட்டுப் பேரு. ஒருத்தன் காறித் துப்பினான். சாமியம்மாள் ஓடிவந்து என் கையைப் பிடிச்சா. அடிக்கப் போறாளோன்னு நினைச்சேன். "கடைசியா தண்ணி குடுத்தியா?"ன்னு மட்டும் கேட்டா. "குடுத்தேன்"ன்னேன்.

அப்பத்தான் எதிர் டீக்கடைத் தட்டிக்குப் பின்னாடி உன்னைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கையில பை. கூப்பிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கினே. கூப்பிடல.

புதைச்ச இடத்தைத் தோண்டி டாக்டர் பார்க்கணும்னு உத்தரவு ஆகியிருக்குது.

ஜெயம்மாள்

*

சென்னை
2-7-85

அக்கா,

நலம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

ஆமாம், வந்தேன். உன்னைத் தடுக்க வந்தேன். மாமா சொன்னதற்காக வரவில்லை, எனக்காகவே வந்தேன். பையில் இண்டர்வியூ கடிதம் இருந்தது. அதை எடுத்துக்காட்டி உன்னை மடக்க நான்கு வாக்கியங்கள் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். நான் வந்து சேரும்போது நீ உள்ளே போய்விட்டாய். ஜன்னல் பக்கம் போய் நின்றேன். "என் தம்பிக்கு வேலை கிடைக்கணும்னுங்க" என்று நீ சொன்னது கேட்டது. அங்கிருந்து எப்படி டீக்கடைக்கு வந்தேன் என்று நினைவில்லை. நீ என்னைப் பார்த்ததும் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இண்டர்வியூவுக்குப் போகவில்லை. போனாலும் கொடுத்திருக்கமாட்டார்கள், அதனால் இது தியாகம் இல்லை. இரண்டாவது அத்தியாயத்தைப் பேராசிரியரிடமிருந்து திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன். "ஏன், நன்றாகத்தானே இருந்தது?" என்றார். அந்தக் கிழவியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாமல் எழுதிவிட்டேன் என்றேன். அவள் பெயிண்டுக்குப் பயந்து தலைகுனியவில்லை, அந்த ஊரில் வெட்கம் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான் என்று இப்போது தோன்றுகிறது. முன்னுரையில் இருந்த கோயில் பக்கங்களையும் எடுத்துவிட்டேன். சாமியம்மாளின் துக்கத்தை வைத்து நான் எனக்கு மார்க் வாங்கப் பார்த்தேன்.

உன்னைப் பார்க்க வேண்டும். பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? வராதே என்று எழுதினாலும் சரிதான்.

காசி

*

கரியாலூர்
9-7-85

தம்பி காசிக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். டீச்சர் சிபாரிசில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் சமைக்கிற வேலை கிடைச்சிருக்குது. அம்மா வந்து நாலு நாள் இருந்தாங்க. உன் வேலை போச்சேன்னு ஒரு நாள் அழுதாங்க. அப்புறம் சாமியம்மாள் பிள்ளைங்களுக்குத் தலை வாரிவிட்டுக்கினு இருந்தாங்க.

டாக்டர் வந்து தோண்டிப் பார்த்தார். பின்மண்டை எலும்பு உடைஞ்சிருக்குதாம். உங்க மாமா ரெண்டாம் தேதி டீச்சர் வூட்டு வாசலில் வந்து நின்னார். பாதி ஆளா ஆயிட்டார். "இன்னா சொல்லணும்னு சொல்லு ஜெயம்மா, போய்ச் சொல்றேன்"னார். "நான் சொல்லிக் குடுத்து நீங்க சொல்றதா இருந்தா வேணாம்"னேன். மறுநாள் காலை பஸ்ஸில் மலையை விட்டு இறங்கிப் போனவர் இன்னும் வரல. முந்தாநாள் மாயவனைப் போலீஸ் பிடிச்சுக்கினு போச்சு. உங்க மாமா போய்ச் சொன்னதாலயா, டாக்டர் எழுதினதாலயா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்ல.

ஞாயித்துக்கிழமை வா. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கி வைக்கிறேன்.

ஆனா பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா என்கிட்ட வராதே. கிழக்கால போற பாதையில் கடைசி வூடு சாமியம்மாளுது. முதல்ல அங்க போ. என்னைப் பேச வேணாம்னு நீ எழுதினது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நீயே உன் வாயால சொல்லு. அவ இன்னா சொன்னாலும் நின்னு கேளு.

கேட்டுட்டு, அப்புறம் சாப்பிட வா.

உன் அக்கா
ஜெயம்மாள்